முருகைத் தொட்டிக்கு வாட் கூடினால் நல்லதா?

"சின்னத் தொட்டிக்கும் வாட் கூடிய வெள்ளை எல்இடி போடுங்கள், நாளுக்கு 14 மணி நேரம் எரியட்டும், முருகை (பவள உயிரி) வேகமாக வளரும்." கொழும்பில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பிழை. தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு மட்டுமே. முருகையின் தசைக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியில் உணவு தயாரித்து அதற்கு ஊட்டுகிறது. அந்தப் பாசிக்கு 400 முதல் 500 நானோமீட்டர் வரையான நீல ஒளி மிக முக்கியம். பாசிக்கு ஒளி எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை 'பார்' (PAR, உணவு தயாரிக்கப் பயன்படும் ஒளியின் அளவு) கொண்டுதான் பார்க்க வேண்டும். மென்முருகைகள் பலவற்றுக்கு 50 முதல் 150 பார் போதும். அக்ரோபோரா போன்ற கல்முருகைகள்தான் 200க்கு மேல் கேட்கும். ஆழம் குறைந்த தொட்டியில் பெரிய விளக்கின் ஒளி அடிவரை அப்படியே இறங்கும். பாசி தாங்காமல் வெளியேற, முருகை வெளுத்துப்போகும். பாவம், அது நகர்ந்து ஒதுங்கவும் முடியாது.

நேரம் 8 முதல் 10 மணி சரி. புது விளக்கென்றால் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். அப்புறம், எங்கள் ஊர்ச் சூட்டில் பெரிய விளக்கு தண்ணீரையும் சூடாக்கும். சூடும் முருகையை வெளுக்கவைக்கும்.