டிடிஎஸ் மீட்டர் சொல்றத நம்பி ஆர்ஓ வாங்காதீங்க மக்கா

தாராவியில நம்ம ஆளுங்க வீடு வீடா இப்ப ஒரு டெமோ நடக்குது, அதப் பத்தி எழுதாம இருக்க முடியல. டை கட்டுன பசங்க வர்றாங்க, கொழாத் தண்ணி ஒரு டம்ளர், அவங்க ஆர்ஓ மெஷின் (தண்ணிய சவ்வு வழியா அழுத்தி உப்ப வடிகட்டுறது) தண்ணி ஒரு டம்ளர், ரெண்டுலயும் கம்பி வச்ச கருவிய முக்கி சுவிட்சப் போடுறாங்க. கொஞ்ச நேரத்துல கொழாத் தண்ணி காவிக் கலர்ல கசடு கசடா திரண்டு வருது, மெஷின் தண்ணி அப்படியே நிக்குது. எங்க மதினி மிரண்டு போயி "இதையா எம்புள்ளைக்குக் குடுத்தேன்"னு அன்னைக்கே ஈஎம்ஐல வாங்கிட்டாங்க.

அந்தக் காவி தண்ணியோட அழுக்கே இல்லங்க. கருவியில இருக்குற இரும்புக் கம்பி கரண்ட்ல கரைஞ்சு வந்த துரு! தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணியில உப்பே கிட்டத்தட்ட கெடையாது, அதான் ஒண்ணும் ஆகல. புள்ள பெத்தவங்க பயத்த வச்சு இப்படி யாவாரம் பண்றது அநியாயம்.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். டிடிஎஸ்ங்கிறது தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு, அவ்வளவுதான், கிருமி இருக்கா இல்லையான்னு அந்த மீட்டருக்குத் தெரியாது. குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் உப்பு இருந்தா சரிதான். நமக்கு வர்றது தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரிகள்ல தேங்குன மழைத்தண்ணி, 500 பக்கத்துலயே வராது. 500க்குக் கீழ இருக்குற எடத்துல ஆர்ஓவத் தடை பண்ணச் சொல்லி 2019லயே பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. அதே வருஷம் பிஐஎஸ்ங்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பு பல ஊர் கொழாத் தண்ணிய டெஸ்ட் பண்ணப்ப மும்பையில எடுத்த 10 சாம்பிளும் பாஸ், சென்னையில எடுத்த 10ம் ஃபெயில்.

அதுக்காக நம்ம சந்துத் தண்ணி சுத்தம்னு நான் சொல்ல வரல. 10 சாம்பிள வச்சு இம்புட்டுப் பெரிய ஊருக்கு முடிவு சொல்ல முடியாது. பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்துல சுத்தம் பண்ணி குளோரின் போட்டு அனுப்புற தண்ணி கெடுறது கடைசி நூறு அடியில. நம்ம பைப்பெல்லாம் எங்க போகுது? கட்டருக்குள்ள, அதாவது சாக்கடைக்குள்ள. தண்ணி வர்ற நேரம் போக மத்த நேரம் பைப்புல பிரஷர் இல்ல, துருப்பிடிச்ச ஜாயிண்ட் வழியா சாக்கடை உள்ள கசியுது, இதுல யாராவது லைன்லயே மோட்டார் போட்டு உறிஞ்சுனா பக்கத்துல இருக்குற கசடும் சேந்து வருது, அதான் மழைக்காலத்துல சந்துக்கு சந்து புள்ளைங்களுக்கு வயித்தால போகுது, மஞ்சக்காமாலை வருது.

ஆர்ஓ கிருமிய எடுக்காதுன்னு சொல்லல, எடுக்கும். ஆனா ஒரு கொடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு கொடம் வெளிய போயிடும், காலையில கொஞ்ச நேரம் வர்ற தண்ணியில அது நமக்குக் கட்டுமா? தண்ணி வந்ததும் மொதல்ல கலங்கலா வர்றத மோரியில (பாத்திரம் கழுவுற எடத்துல) விட்டுடுங்க. குடிக்கிறத தளதளன்னு கொதிக்க விட்டு மூடி வைங்க, வசதி இருந்தா புற ஊதாக் கதிர்ல கிருமியக் கொல்ற யூவி மெஷின் போதும்.

நம்ம கேக்க வேண்டியது வேற. சந்தோட கடைசிக் கொழாயில, தண்ணி தெறந்த நேரத்துல வந்து டெஸ்ட் பண்ணணும். குளோரின் லிட்டருக்குக் கொறஞ்சது 0.2 மில்லிகிராம் நிக்குதா, 100 மில்லியில ஈகோலிங்கிற மலக் கிருமி ஒண்ணுகூட இல்லையா, இந்த ரெண்டையும் எழுதி சந்துலயே ஒட்டணும். கட்டர்ல கெடக்குற பைப்ப மேல தூக்கிப் போடணும். மழைக்கு முன்னாடி சந்து சந்தா கையெழுத்து வாங்கி வார்டு ஆபீஸ்ல குடுப்போம், மராத்தியில மனு எழுத ஆள் இல்லன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, நான் எழுதித் தர்றேன்.