தாளில் ஓடிய குதிரைகள்

பழைய அமெரிக்க மசில் கார், அதாவது 60, 70-களின் பெரிய எட்டு சிலிண்டர் (வி8) எஞ்சின் போட்ட வேகக் கார், வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் ஏற்றலாம் என்று. அடுத்துக் கேட்பது, சத்தம் எப்படி வரும் என்று. இரண்டுமே தவறான இடத்தில் தொடங்கும் கேள்விகள் என்பது என் கட்சி. கோபம் வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அந்த எண்ணின் கதையை முதலில் பார்த்துவிடுவோம். 1971 கமாரோ இசட்28 காரில் வந்த எல்டி-1 எஞ்சினுக்கு செவ்ரோலே நிறுவனம் 330 குதிரைத்திறன் என்று அறிவித்தது. அதே ஆண்டில், அதே எஞ்சினுக்கு, 275 என்றும் அறிவித்தது. இரண்டும் பொய்யல்ல. 330 என்பது எஞ்சினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி, காரின் சைலன்சரும் மற்ற சுமைகளும் இல்லாமல் அளந்தது. 275 என்பது காரில் இருப்பதுபோல எல்லாவற்றையும் மாட்டி அளந்தது. 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள் இந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்லத் தொடங்கின. 60-களின் விளம்பரங்களில் மார்தட்டி நின்ற எண்கள் எல்லாம் முதல் வகையைச் சேர்ந்தவை. (சில எஞ்சின்களுக்குக் காப்பீட்டுக்காரர்களுக்குப் பயந்து குறைத்தும் எழுதினார்கள். அது தனிக் கூத்து.) அந்த எண்ணைத் திரும்பப் பிடிப்பதற்காகச் சேமிப்பைக் கரைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. சைலன்சர் மாட்டிச் சாலைக்கு வந்த காரில் அது இருந்ததே இல்லை.

இந்தப் பேச்சு இப்போது எழக் காரணம், இங்கே மிச்சிகனில் நண்பர் ஒருவர் செவ்ரோலேயின் 1972 செவெல் கார் வாங்கியிருக்கிறார். 350 கன அங்குல வி8, இரண்டு வாய் கார்புரேட்டர், ஒற்றை எக்ஸாஸ்ட் குழாய். தொழிற்சாலைக் கணக்கில் 165 குதிரைத்திறன். ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லேயே அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கை) குறைத்துவிட்டது. இந்தக் காரில் அது எட்டரை. நண்பரின் ஆசைப் பட்டியலில் முதலில் இருப்பது, கார் நிற்கும்போதே உடம்பு குலுங்கும்படி உறுமும் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாக கேம்). அடுத்து மூன்று அங்குலக் குழாய், குறைந்த தடுப்புள்ள சைலன்சர்.

கேமில்தான் பெரும்பாலான பழைய கார்கள் கெட்டுப்போகின்றன. பெரிய கேம் உள்ளிழுக்கும் வால்வை நேரம் கழித்து மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், குறைந்த சுழற்சியில் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். பதினொன்று அழுத்த விகிதம் உள்ள எஞ்சின் இதைத் தாங்கும். எட்டரை உள்ளது தாங்காது. நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்து 3,500 வரை, அதாவது ஊருக்குள் நாம் உண்மையில் ஓட்டும் பகுதியில், கார் முன்பைவிட மந்தமாகிவிடும். மேலும், அந்த உறுமலின் விலையாக எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வேக்குவம் (காற்றழுத்தக் குறைவு) விழும். பவர் பிரேக் அந்த வேக்குவத்தில்தான் இயங்குகிறது. சத்தம் கூடியது, பிரேக் கல்லானது என்ற நிலையை யார் விரும்பிக் கேட்பார்கள்? தானியங்கி கியர்பெட்டி என்றால், அதை எஞ்சினோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டரையும் மாற்றாமல் சிக்னலில் நிற்க முடியாது.

எக்ஸாஸ்ட் விஷயத்திலும் இதே கதைதான். எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும் என்று பட்டறைக்குப் பட்டறை ஓதுகிறார்கள். வேண்டாம். வேண்டியது வெளியேறும் வாயுவின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து போகும் வாயு தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை விட்டுச் செல்கிறது. அந்தக் குறைவு அடுத்த சிலிண்டரின் மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்க உதவுகிறது. ஹெடர் என்ற எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதியின் நீண்ட தனித்தனிக் குழாய்கள் செய்யும் வேலை அதுதான். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் வாயு சோம்பிவிடும். அளவான 350 எஞ்சினுக்கு 1⅝ அங்குல ஹெடரும், மடியாமல் சீராக வளைத்த இரண்டரை அங்குல இரட்டைக் குழாயும் தாராளம். மூன்று அங்குலம் வெறும் வீம்பு.

சொல்லப்போனால் ஹெடரே கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை. ஹெடர் மாட்டியவர்கள் கேஸ்கெட் கசிவு, கருகும் பிளக் ஒயர், சூட்டில் சுற்ற மறுக்கும் ஸ்டார்ட்டர், வேகத்தடையில் உரசும் குழாய் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பழைய செவ்ரோலேகளில் ஆட்டுக்கடா கொம்புபோல வளைந்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) ஒன்று உண்டு. இரண்டரை அங்குல வாயுள்ளதாகத் தேடிப் பிடித்தால், ஐயாயிரம் சுற்றுக்கு மேல் போகாத எஞ்சினுக்கு அது போதும். மாட்டிவிட்டு மறந்துவிடலாம்.

இனி அந்தச் சத்தம். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கம் ஒற்றைப்படை சிலிண்டர்கள், வலப்பக்கம் இரட்டைப்படை. வரிசையைப் பாருங்கள்: எட்டும் நான்கும் வலப்பக்கத்தில் அடுத்தடுத்து எரிகின்றன, ஐந்தும் ஏழும் இடப்பக்கத்தில். ஒவ்வொரு பக்கத்துக் குழாயிலும் துடிப்புகள் சமமான இடைவெளியில் வருவதில்லை. அமெரிக்க வி8-க்கே உரிய அந்த ‘குபுகுபு’ ஒலி இங்கிருந்துதான் பிறக்கிறது. அதை உண்டாக்க எந்தக் கடைக்கும் போக வேண்டாம், காரிலேயே இருக்கிறது. இரண்டு குழாய்களுக்கும் இடையே எச் வடிவ இணைப்பு போட்டால் அடிக்குரல் தங்கும். எக்ஸ் வடிவம் போட்டால் குரல் மென்மையாகி மேலே ஏறும். எனக்கு எச்தான் பிடிக்கும். ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் திரளும் நாளில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், காசு கொடுத்து வாங்கிய இரைச்சலும் இயல்பான குரலும் எளிதாகப் பிரிந்து கேட்கும். மிச்சிகனில் புகைச் சோதனை கிடையாது. கலிபோர்னியாவில்கூட 1975 வரையிலான மாடல்களுக்கு அந்தச் சோதனையில் விலக்கு உண்டு. ஆனால் சத்தத்துக்கு அங்கே 95 டெசிபல் வரம்பு இருக்கிறது, பழைய கார் என்று யாரும் விட்டுவிடப் போவதில்லை.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? முதலில் இக்னிஷன். தேய்ந்த பாயிண்டை (பொறிக்கான மின்சாரத்தை வெட்டும் தொடுமுனையை) எடுத்துவிட்டு மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர். டைமிங், அதாவது பொறியை எவ்வளவு முன்கூட்டிக் கொடுப்பது என்பது, வேக்குவம் அட்வான்ஸைச் சேர்க்காமல் மொத்தம் 34 முதல் 36 டிகிரி. வேக்குவத்தைக் கொண்டு பொறியை இன்னும் முன்கூட்டும் அந்த அட்வான்ஸும் இணைப்பில் இருக்க வேண்டும். பாதிக் கார்களில் அந்த இணைப்பை யாரோ பிடுங்கி அடைத்து வைத்திருப்பார்கள். அடுத்து, முன்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால் டிஸ்க். அதன்பிறகுதான் எஞ்சினுக்குள் கை வைப்பது. 1996 முதல் 2000 வரை செவ்ரோலே பிக்கப்களில் வந்த வோர்டெக் சிலிண்டர் ஹெட்டுகள் பழைய பாகக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் எரியறை சிறியது என்பதால் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஒன்று கூடும், காற்றுப் பாதையும் மேல். அதற்கென்றே உள்ள இன்டேக் மேனிஃபோல்டும் நான்கு வாய் கார்புரேட்டரும் வேண்டும். கேமின் திறப்புக் கோணம், லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளந்தால், 220 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அதோடு எக்ஸாஸ்ட், அதற்கேற்ற ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை). இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால், அடுப்பைப் பெரிதாக்கிப் புகைபோக்கியை மறந்த சமையலறைதான். இந்தக் கார்களில் பலவற்றுக்கு நெடுஞ்சாலைக்கென்று 2.73 விகிதப் பின் கியர் போட்டிருப்பார்கள். அதை 3.55 ஆக்கினால் கேம் தராத துள்ளலைத் தரும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறாமலிருக்க, ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் பெட்டியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

எல்எஸ் எஞ்சின் (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8) போடச் சொல்லும் கூட்டம் இப்போது வரும். அவர்களிடம் வாதாட என்னிடம் சரக்கு குறைவு. 2000-களின் பிக்கப் லாரியிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் எஞ்சின், சைலன்சர் மாட்டிய கணக்கிலேயே, 1971-இன் எல்டி-1 காட்டிய 275-ஐத் தொட்டு நிற்கும். குளிரில் ஒரே சுற்றில் உயிர்பெறும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். அறிவு அந்தப் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரக் கடைசியில் கார்புரேட்டரைத் திறந்து கையில் பெட்ரோல் வாசனையோடு உட்கார விரும்புகிறவர் அறிவைத் தேடியா இந்தக் கார் வாங்கினார்? கார் அசல் எஸ்எஸ் ஆகவோ இசட்28 ஆகவோ (இரண்டும் செவ்ரோலேயின் வேக மாடல்கள்) இருந்து, எஞ்சின் எண்ணும் காரின் எண்ணும் பொருந்தினால், எதைச் செய்தாலும் பழைய எஞ்சினை விற்றுவிடாதீர்கள். துடைத்து எண்ணெய் பூசி மூலையில் வையுங்கள்.

நண்பரின் செவெலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, சாதாரண மாடல்தான். வோர்டெக் ஹெட்டுகளை வாங்கிவிட்டார். டிஸ்க் பிரேக்குக்கும் சரி என்றார். கேம் விஷயத்தில் மட்டும் இன்னும் 230 டிகிரியிலேயே நிற்கிறார். தொலைபேசியில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.