உடன்படிக்கை கைச்சாத்தாகும். விற்க எங்களிடம் என்ன இருக்கிறது?

2023இல் இலங்கை ஆர்.சி.ஈ.பி. என்ற பிராந்திய வர்த்தகக் கூட்டில் சேர விண்ணப்பித்தது. 2024 பெப்ரவரி 3ஆம் திகதி தாய்லாந்துடன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தானது. எட்கா எனப்படும், இந்தியாவுடனான பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைப் பேச்சு 2016இல் தொடங்கி, இடையில் நின்று, மறுபடி தொடங்கி இழுபட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கைகுலுக்கும் படம் வருகிறது. பெரிய சந்தை திறக்கப்போகிறது என்று தலைப்பும் வருகிறது. அந்தச் சந்தைக்கு எந்தப் பொருளை, யார் கொண்டுபோவார்கள், இங்கே யாருடைய பிழைப்பு அடிபடும் என்பதை மட்டும் எவரும் எழுதி மக்கள் முன் வைப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

நான் வர்த்தகத்துக்கு எதிரானவன் அல்ல. இரண்டேகால் கோடி பேருக்கும் குறைவான ஒரு தீவு தனக்குள்ளேயே விற்று வாங்கிப் பிழைக்க முடியாது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசைகள் அதை எல்லோருக்கும் காட்டின. 2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கள் பொருள்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்தது. பேச்சு நடத்தி அது ஓகஸ்டில் 20 சதவீதத்துக்கு வந்தது. நாட்டின் ஏற்றுமதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போகும் சந்தை அது, அதிலும் பெரும்பகுதி ஆடை. யாரோ ஒருவர் எங்கோ இருந்து அறிவிக்க, கட்டுநாயக்கவிலும் கிளிநொச்சியிலும் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்பிள்ளைகள் வேலை போகுமோ என்று பயந்த அந்த மாதங்களை நான் மறக்கமாட்டேன். ஆகவே ஆசியப் பக்கம் திரும்பவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எந்தத் தயாரிப்போடு திரும்புகிறோம் என்பதில்தான் கவலை.

இது எங்களுக்கு முதல் அனுபவமும் அல்ல. இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28ஆம் திகதி கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2000இல் இந்தியாவுக்கான எங்கள் ஏற்றுமதி 60 மில்லியன் டொலருக்கும் குறைவு. 2005இல் அது 550 மில்லியனைத் தாண்டியது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் பெரும் வெற்றி. உள்ளே பார்த்தால் அதில் பெரும்பங்கு இரண்டே சரக்கு: வனஸ்பதி என்ற, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யும் கொழுப்பும் செம்பும். இரண்டும் இந்த மண்ணில் விளைந்தவை அல்ல. இந்தியாவில் பாம் எண்ணெய்க்கான இறக்குமதித் தீர்வை அதிகமாகவும் இங்கே குறைவாகவும் இருந்தது. அதனால் முதலீட்டாளர்கள், பெரும்பாலும் இந்தியர்களே, இங்கே ஆலை போட்டு, மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எண்ணெயை இறக்கி, வனஸ்பதியாக்கித் தீர்வையில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இதே கணக்குத்தான், கழிவுச் செம்பை இறக்கி உருக்கி அனுப்பினார்கள். உள்நாட்டில் 35 சதவீத மதிப்புச் சேர்ந்திருக்கவேண்டும் என்பது விதி. அது உண்மையிலேயே சேர்ந்ததா என்று இந்தியா கேட்கத் தொடங்கியது. வனஸ்பதிக்கும் அந்த வகைக் கொழுப்புகளுக்கும் ஆண்டுக்கு 250,000 தொன் என்று உச்சவரம்பு வந்தது. 2008இல் இந்தியா கச்சா உணவெண்ணெய்க்கான தீர்வையையே நீக்கியதும் இங்கே ஆலை வைத்திருக்கக் காரணமே இல்லாமல் போயிற்று. 2009இல் இந்தியாவுக்கான ஏற்றுமதி 350 மில்லியனுக்குக் கீழே இறங்கியிருந்தது.

இரு நாட்டுத் தீர்வைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியை விற்றோம், அவ்வளவுதான். இடைவெளி மூடியதும் தொழிலும் மூடியது. அந்த ஐந்தாறு வருட வருமானத்தைக் கொண்டு வேறொரு தொழிலை வளர்க்கும் திட்டம் எவரிடமும் இருக்கவில்லை.

மிளகின் கதை இன்னும் வலிக்கும். வனஸ்பதி போல அல்லாமல், மாத்தளையிலும் கண்டியிலும் கேகாலையிலும் வீட்டுத்தோட்டத்தில் கொடி ஏற்றி வைத்திருக்கும் சாதாரண சனங்களின் பொருள் அது. எங்கள் மிளகில் காரமும் எண்ணெய்ச் சத்தும் அதிகம் என்பதால் சாறு பிரித்தெடுக்கும் இந்திய ஆலைகள் அதை விரும்பி வாங்கின. உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 2,500 தொன் தீர்வையின்றிப் போகலாம். பிறகு, வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, அது இலங்கையில் விளைந்தது என்று கூறும் மூலச் சான்றிதழோடு இந்தியாவுக்குள் வருகிறது என்று குடகிலும் கேரளத்திலும் இருந்த மிளகு விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. இந்த மோசடியைச் செய்தவர் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டிருப்பார். கொடியில் இருந்து பறித்துக் காயவைத்தவர்தான் விலை விழுந்ததைச் சுமந்தார். பாக்கிலும் இதே மோசடி நடந்தது.

மூலச் சான்றிதழ் என்ற ஒரு தாளை ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத, கொடுத்ததைச் சோதிக்கத் தெரியாத நாடு எத்தனை உடன்படிக்கை போட்டும் பயன் இல்லை. தேசிய வியூகம் என்று பெரிய சொல்லாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அது இந்த மாதிரிச் சின்ன வேலைகளில்தான் தொடங்குகிறது. தோட்டத்திலிருந்து கொள்கலன் வரை மிளகின் பாதையைப் பதிவு செய்வது, வர்த்தகத் திணைக்களமும் சுங்கமும் ஒரே தரவைப் பார்ப்பது, இங்கே எடுத்த ஆய்வுகூட அறிக்கையை அங்கே உள்ளவர்கள் ஏற்கும்படி முன்கூட்டியே பேசி முடிப்பது. தீர்வை பூச்சியம் என்று எழுதியிருந்தாலும், மாதிரி எடுத்துச் சோதிக்கிறோம் என்று துறைமுகத்தில் சரக்கை நிறுத்தினால் சிறு ஏற்றுமதியாளரின் பணம் அங்கேயே முடங்கிவிடும். தொடக்கத்தில் எங்கள் தேயிலை கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே போகலாம் என்றுகூட நிபந்தனை இருந்தது. கையெழுத்திட்டவர்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

இனி இழப்பவர்கள் பக்கம். வடக்கில் இதைப் பேசும்போது எவருக்கும் 1977 நினைவுக்கு வரும். அதற்கு முந்திய ஏழு வருடங்கள் இறக்குமதி இறுக்கிக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. குடாநாட்டு விவசாயிகள் மிளகாயிலும் சின்ன வெங்காயத்திலும் கல்வீடு கட்டிய காலம் அது. அதே காலத்தில் தெற்கிலும் நகரங்களிலும் சனம் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்றது, அதையும் மறைக்கக்கூடாது. ஜே. ஆர். ஜெயவர்தன அரசு வந்து கதவைத் திறந்தபோது வரிசைகள் மறைந்தன, மிளகாய் விலையும் விழுந்தது. திறந்தது பிழை என்று நான் சொல்லவரவில்லை. திறக்கும்போது இன்னார் அடிபடுவார்கள், அவர்களுக்கு மாற்றுப் பயிர், கடன், சந்தை என்று இன்னது செய்வோம் என ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அடுத்த வருடங்களில் இந்த மண்ணில் வளர்ந்த கசப்பில் அந்தக் கைவிடலுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இன்றுவரை அதே பழக்கம்தான். உருளைக்கிழங்கு, வெங்காய அறுவடைக் காலத்தில் விவசாயிகள் சத்தம் போட்டால் இறக்குமதிக்கான விசேட வர்த்தகப் பண்ட வரியை ஏற்றுவது, நகரத்தில் விலை ஏறினால் இறக்குவது. ஒரு பிராந்தியக் கூட்டுக்குள் போனபின் நினைத்தபடி இப்படி ஏற்றி இறக்க முடியாது. அதற்குள் அந்த விவசாயிக்கு வேறென்ன வழி என்று இப்போதே சொல்லவேண்டும்.

சிங்கப்பூர் உடன்படிக்கையில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஜனவரியில் கையெழுத்து, மே மாதம் நடைமுறை. அதன் பிறகுதான் மருத்துவர்களும் தொழில்வாண்மையாளர்களும் எதிர்க்க, பேராசிரியர் டபிள்யூ. டி. லக்ஷ்மன் தலைமையில் ஒரு குழு அமைத்து உடன்படிக்கையின் நன்மை தீமைகளை ஆராயச் சொன்னார்கள். நடைமுறைக்கு வந்த பின் ஆராய்ச்சி! எதிர்த்தவர்களின் பயம் எல்லாம் நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தகவல் கொடுக்காத இடத்தில் பயம் வளரும், அதற்கு மக்களைக் குறை சொல்லிப் பலனில்லை. 2008இல் இந்தியாவுடன் சீபா என்ற விரிவான பொருளாதாரப் பங்காளித்துவ உடன்படிக்கை கைவிடப்பட்டதும் இப்படித்தான்.

திட்டமே எழுதவில்லை என்றும் சொல்லமுடியாது. அதே 2018இல் தேசிய ஏற்றுமதி வியூகம் வெளியானது. தகவல் தொழில்நுட்பம், வாசனைத் திரவியம், பதப்படுத்திய உணவு, படகுக் கட்டுமானம், மின்னணு உதிரிப்பாகம், ஆரோக்கியச் சுற்றுலா என்று ஆறு துறைகளைத் தெரிந்தெடுத்து, 2022இல் 28 பில்லியன் டொலர் என்று இலக்கு வைத்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை வந்தது. 2019இல் ஆட்சி மாறியது, அந்த ஆவணத்தைப் பற்றிய பேச்சும் அடங்கியது. கொரோனாவும் வங்குரோத்தும் சேர்ந்து வந்தன என்பது உண்மை. என்றாலும் 2022இல் பொருள் ஏற்றுமதி 13 பில்லியன் அளவில் நின்றது. சேவைகளைச் சேர்த்தாலும் இலக்கு எட்டாத தூரம்.

வியட்நாமை எல்லோரும் உதாரணம் காட்டுவதால் நானும் தவிர்க்கவில்லை. 1990இல் அவர்களின் ஏற்றுமதியும் எங்களுடையதும் ஏறத்தாழ ஒரே அளவு, இரண்டு பில்லியன் டொலர் சுற்றளவில். 2022இல் அவர்கள் 370 பில்லியனைத் தாண்டினார்கள். அவர்களுடைய ஒரு கட்சி ஆட்சி எங்களுக்கு வேண்டாம். கற்கவேண்டியது வேறு. 1995இல் உலக வர்த்தக அமைப்பில் சேர விண்ணப்பித்து 2007இல்தான் உள்ளே போனார்கள். இடைப்பட்ட வருடங்களைச் சட்டம் திருத்தப் பயன்படுத்தினார்கள். 2005இல் தொழில் முயற்சிச் சட்டத்தையும் முதலீட்டுச் சட்டத்தையும் புதிதாக எழுதினார்கள். உள்ளே போவதற்கான காலக்கெடுவையே வீட்டைத் திருத்தும் காலக்கெடுவாக வைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கும் அப்படியொரு வாய்ப்பு இப்போது இருக்கிறது. ஆர்.சி.ஈ.பி.யில் 15 நாடுகள். சீனா, ஜப்பான், தென்கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியான் நாடுகள் பத்து. அதன் பெரிய பயன், ஒரு பொருள் எந்த நாட்டினது என்று தீர்மானிக்கும் மூல விதியில் இருக்கிறது. கூட்டுக்குள் எந்த நாட்டில் சேர்ந்த மதிப்பையும் கூட்டிக் கணக்கிடலாம், பொதுவாக 40 சதவீதம் இருந்தால் போதும். சீனத் துணியில் இங்கே தைத்து ஜப்பானுக்கு விற்கும் ஆடைக்கு அது நல்ல செய்தி. வாகன உதிரிப்பாகம், ரப்பர் பொருள் செய்பவர்களுக்கும்தான். ஆனால் உள்ளே போக நாங்களும் தீர்வை குறைக்கவேண்டும். இங்கே சுங்கத் தீர்வைக்கு மேலே செஸ் என்ற கூடுதல் இறக்குமதி வரி, துறைமுக விமான நிலைய வரி என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அரசாங்கத்தின் வருமானம் அதில் தங்கியிருக்கிறது, உள்ளூர்ச் சில பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பும் அதில் தங்கியிருக்கிறது. ஏற்றுமதிக்கு மூலப்பொருள் இறக்குபவர் கேட்கும் குறைப்பும், உள்ளூரில் மட்டும் விற்பவர் கேட்கும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதும். அந்த மோதலை நேர்மையாகத் தீர்க்காத வியூகம் வெறும் அச்சுத்தாள்.

ஒரு இடைக்குறிப்பு. எங்கள் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில், விளையும் இடத்தின் பெயரைக் காக்கும் புவியியல் குறியீடு பெற்றது, இலங்கைக்கு அதுவே முதலாவது. அந்தக் கறுவாவை அதிகம் வாங்குவது மெக்சிகோ. அது இந்த ஆசியக் கூட்டு எதிலும் இல்லை. சந்தையை வரைபடத்தில் தேடாமல் பொருளிலிருந்து தேடவேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வடக்கில் இருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. நண்டும் கடலட்டையும் பனம்பொருளும் மட்டும் இன்னும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறியில் கொழும்புக்குப் போய்த்தான் கடல் கடக்கின்றன. முப்பது வருடப் போரில் சந்தையை இழந்த மாகாணத்துக்கு, எதிரே தெரியும் கரையில் விற்க வழியில்லை என்றால் இந்த உடன்படிக்கைகள் எங்களுக்கு எதற்கு?

நான் கேட்பது இவ்வளவுதான். ஆர்.சி.ஈ.பி.க்கோ எட்காவுக்கோ எங்கள் தீர்வைப் பட்டியல் போகுமுன் அது பாராளுமன்றத்தில் வைக்கப்படவேண்டும். எந்தத் துறை பெறும், எந்தத் துறை இழக்கும், இழப்பவருக்கு எந்த வருடம் எவ்வளவு நிதி என்பது அதனுடன் இணைக்கப்படவேண்டும். ஆட்சி மாறினால் தூக்கி எறிய முடியாதபடி சட்டமாக்கவேண்டும். மூல விதிகளும் விண்ணப்பப் படிவங்களும் தமிழிலும் சிங்களத்திலும் மாவட்டச் செயலகத்தில் கிடைக்கவேண்டும். காங்கேசன்துறையில் சரக்குக்கான சுங்க அலுவலகமும் உணவு ஆய்வுகூடமும் எப்போது வரும் என்று ஒரு திகதி சொல்லவேண்டும்.