மேலக்காற்று நாளில் தீக்குச்சி வேண்டாம்

வியாசர்பாடியில் கீற்றுக் குடிசையில் இருந்த காலத்தில், மேலக்காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் ஆயா பத்து மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவாள். கொள்ளியை வெளியே இழுத்துப் போட்டால் மட்டும் போதாது அவளுக்கு. சாம்பலைக் கிளறி, உள்ளே சிவந்து கிடக்கும் கங்கு ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் தெளிப்பாள். 'சுர்'ரென்ற சத்தம் அடங்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். மதியம் எல்லோருக்கும் பழைய சோறுதான்.

போன வாரம் கொடுங்கையூரில் எங்கள் தெருமுனையில் ஒருவர் தென்னை மட்டையையும் சருகையும் கூட்டிக் கொளுத்தினார். நல்ல காற்று. "அண்ணே, காத்து அடிக்குதே" என்றேன். "ரெண்டு நிமிஷத்துல எரிஞ்சிடும்பா" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, எரிகிற ஓலைத் துண்டு ஒன்று எழும்பி, ரோட்டைத் தாண்டி, மீன்பாடி வண்டியின் தார்ப்பாய் மேல் விழுந்தது. ஓடிப்போய்த் தட்டி அணைத்தோம். தார்ப்பாயில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

காட்டுத்தீ பரவுவதும் இப்படித்தான். பச்சை இலையில் நெருப்பு வைத்தால், அதிலுள்ள ஈரத்தை விரட்டுவதிலேயே பாதிச் சூடு போய்விடும். நாள்கணக்கில் மழையில்லாமல் வறண்ட காற்று அடித்தால், சருகும் புல்லும் முன்பே காய்ந்து தயாராகக் கிடக்கும். காற்று தீயை முன்னால் சாய்க்க, அடுத்து எரியவேண்டிய புல்லும் சூடேறிக்கொண்டே போகும். பறக்கிற கங்கு தள்ளி விழுந்து இன்னொரு தீயாகும். மலைச்சரிவில் மேல்நோக்கி இன்னும் வேகம். 2018 மார்ச் 11 அன்று தேனிப் பக்கம் குரங்கணி மலைக்காட்டில் தீப்பிடித்ததை மறக்க முடியுமா? 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சென்னையிலிருந்து மலையேறப் போன பெண்களும் அதில் உண்டு.

தென்கொரியாவில் 2025 மார்ச்சில் காடு எரிந்ததும் இதே மாதிரி வறண்ட, காற்றடிக்கிற பருவத்தில்தான். குளிர்காலம் முடிந்து, துளிர் விடாத நேரம். ஏழாம் நூற்றாண்டின் கோவுன்சா புத்தக் கோயில்கூட எரிந்தது. கல்லறையைச் சுத்தம் செய்யப்போன இடத்தில் வைத்த நெருப்பு என்று சந்தேகம்.

அதனால்தான் "வெயில்ல தானா பத்திக்கிச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. நம் காடுகளில் பெரும்பாலும் ஒரு பீடித் துண்டோ, அணைக்காத அடுப்போ, புதுப்புல் வரட்டுமென்று வைத்த தீயோதான் காரணம்.

நமக்கு மதியம் கடல்காற்று வந்துவிட்டால் ஈரம் ஏறும். அதை மேலக்காற்று தடுத்து நிறுத்துகிற நாள்தான் பயம். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கே 'கோடை' என்றுதான் பழைய பெயர். எங்களுக்குப் பக்கத்திலேயே குப்பைமேடு வேறு. அடியில் மீத்தேன், மேலே பிளாஸ்டிக். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததைப் பார்த்தோம்.

புயல் வருகிறதென்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், காசிமேட்டில் போட்டுகள் கரையிலேயே நிற்கின்றன. வறண்ட காற்று நாளுக்கும் அப்படி ஒரு கூண்டு வேண்டும். அமெரிக்காவில் வானிலைத் துறையே 'சிவப்புக் கொடி எச்சரிக்கை' விடுகிறது. இங்கேயும் அப்படிப்பட்ட நாளில் குப்பை கொளுத்தக் கூடாது என்று தெருத்தெருவாக மைக்கில் சொல்லலாமே.

அன்றைக்கு அந்த மட்டைச் சாம்பல் மேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் குச்சியால் கிளறிப் பார்த்தேன். அடியில் ஒரு கங்கு இன்னும் சிவந்துதான் கிடந்தது.