நத்தை ஊரில் கோடைத் தோட்டம்

டிசம்பர் முதல் வாரம், மலேசியாவின் சுங்கை சிப்புட். தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புக்குக் குடிவந்தவர்களின் வரிசை வீடுகள். மூன்று நாளாக மழை விடவில்லை. பெருமாள் அண்ணன் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தக்காளிச் செடிக்கு வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார். வேலிக்கு அந்தப் பக்கம் சரசு அக்கா, முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

சரசு: என்ன அண்ணே, மேலே ஒருத்தன் ஊற்றுகிறான், கீழே நீங்களும் ஊற்றுகிறீர்கள், செடி என்ன நீச்சல் பழகுதா?

பெருமாள்: கிண்டல் பண்ணாதே. 15ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் மகன் இருக்கும் பெர்த்துக்கு லீவில் போகிறேன் இல்லையா, அதற்குள் முடிக்கச் சொல்லி அவன் வாட்ஸாப்பில் லிஸ்ட் அனுப்பியிருக்கிறான். டிசம்பர் 1 வந்துவிட்டால் கோடையாம். வெயில் ஏறுமுன் வேர்வரை நனைய ஊற்ற வேண்டும், அதுவும் தெளிப்பான் போட வாரத்துக்கு 2 நாள்தான். இன்றைக்கு என் நாள்.

சரசு: நாள் குறித்தது யார், ஜோசியரா?

பெருமாள்: தண்ணீர் இலாகா. வீட்டு நம்பரின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

சரசு: பெர்த் தண்ணீர் இலாகாவுக்கு உங்கள் வீட்டு நம்பர் எப்படித் தெரிந்தது?

பெருமாள்: (காதில் விழாதது போல) அப்புறம் மூடாக்கு. வெறும் மணல் மண், காய்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு ஓடிவிடும், அதனால் மூன்று நாலு விரல் தடிப்புக்கு வைக்கோல் பரப்ப வேண்டும், தண்டில் மட்டும் ஒட்டக்கூடாது. வைக்கோலுக்கு எங்கே போவேன்? ஆலையில் பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலையைக் கேட்டு வாங்கிப் பிய்த்துப் போட்டேன்.

சரசு: (குச்சியால் கிளறுகிறார்) இங்கே மணலா இருக்கிறது, சேறு இல்லையா? ஒன்று, இரண்டு... அடேயப்பா, 17 நத்தை! மலாயில் சிப்புட் என்றாலே நத்தைதான், ஊர்ப் பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள், நீங்கள் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருக்கிறீர்கள்.

பெருமாள்: நிழல் வலையும் கட்டிவிட்டேன். அங்கே சில நாள் 40 டிகிரி தாண்டும், தக்காளி வெந்துவிடும்.

சரசு: அதுவா? நேற்றிலிருந்து தூளி மாதிரி தொங்குகிறதே என்று பார்த்தேன். தொடாதீர்கள், அண்ணே... தொடாதீர்கள்...

(தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவர் தலையில். குடை மறுபக்கம் கிடக்கிறது.)

பெருமாள்: (துடைத்துக்கொண்டு) பக்கக் கிளை கிள்ளுவது மட்டும் பாக்கி. கிள்ளாததால்தான் பூவெல்லாம் கொட்டுகிறது.

சரசு: கிள்ளினால் மட்டும் நிற்குமா? ராத்திரியிலும் வேர்க்கிற ஊர் இது. கேமரன் மலை மாதிரி ராத்திரி குளிர்ந்தால்தான் தக்காளிக்குக் காய் ஒழுங்காகப் பிடிக்கும். பேசாமல் வெண்டை போடுங்கள். பால்மரம் பிப்ரவரியில் இலை கொட்டுமே, நமக்குத் தெரிந்த பருவம் அது ஒன்றுதான்லா. கோடையாம்! போனைக் கொடுங்கள் பார்ப்போம்.

பெருமாள்: முழுசாகப் படித்துவிட்டேன்.

சரசு: கீழே 'மேலும் படிக்க' என்று நீலத்தில் இருக்கிறதே, அதைத் தட்டினீர்களா?

பெருமாள்: அது ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன்.

சரசு: (தட்டிப் படிக்கிறார்) "அப்பா, நீங்கள் 15ஆம் தேதி வந்து இறங்கியதும் எங்கள் தோட்டத்தில் இதையெல்லாம் செய்தால் போதும். நாங்கள் மூன்று வாரம் மெல்பர்ன் போகிறோம், சாவி பூந்தொட்டிக்கு அடியில்."

(மழைச் சத்தம் மட்டும்.)

பெருமாள்: லீவுக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று தாமான் முழுக்கச் சொல்லிவிட்டேனே.

சரசு: சப்பாத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போங்கள், மண் ஒட்டியிருந்தால் அந்த ஊர் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். இந்த நத்தைப் பயல் வேறு வலையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான், இவனுக்கும் டிக்கெட் போட்டாச்சா?

பெருமாள்: (வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்காருகிறார்) இன்றைக்கு என் நாளே இல்லை, சரசு.