பைத்தானுக்குள் மாற்றினால் கணினி முழுவதும் மாறாது

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: பைத்தான் நிரல்மொழியில் ஓஎஸ்.என்விரான் (os.environ) வழியாகச் சூழல் மாறி (நிரல்கள் படித்துக்கொள்ளும், பெயரிட்ட அமைப்பு மதிப்பு) ஒன்றை வைத்தால், அது கணினியில் நிரந்தரமாகப் பதிந்துவிடுமாம். தவறு.

ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது, தன்னைத் தொடங்கிய நிரலிடமிருந்து சூழல் மாறிகளின் நகலைப் பெறுகிறது. பைத்தான் திருத்துவது அந்த நகலை மட்டுமே. அதன்பின் அது தொடங்கும் துணை நிரல்களுக்கு மாற்றம் போகும். பைத்தானைத் தொடங்கிய தாய் முனையத்துக்கு (கட்டளை தட்டும் சாளரத்துக்கு) அது திரும்பவே திரும்பாது. பைத்தானை மூடினால் மதிப்பும் போய்விடும். பைத்தான் தொகுதிகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பைத்தான்பாத் (PYTHONPATH) என்ற சூழல் மாறி இன்னும் ஏமாற்றும்: அது தொடக்கத்திலேயே படிக்கப்படுவதால், ஓடும் நிரலுக்குள் மாற்றினாலும் அந்த நிரலின் இறக்குமதிப் பாதை அசையாது. இதில் பிள்ளைகள் ஒரு மாலை முழுவதையும் இழப்பதைப் பார்க்க மனம் வருந்துகிறது.

நிரந்தரமாக வேண்டுமென்றால் விண்டோஸில் செட்எக்ஸ் (setx) கட்டளை. லினக்ஸில், முனையம் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் எக்ஸ்போர்ட் (export) வரி. எதுவானாலும் புதிய முனையம் திறந்து பாருங்கள், பழையதில் தெரியாது.