டார்ச் அடித்தால் ரத்தத்தில் கார்டிசால் தெரியுமா? தெரியாது

விரலைக் குத்தி, ரத்தச் சொட்டில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால் பச்சையாக மின்னும், மின்னினால் கார்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) அதிகம் என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தப்பு.

பச்சை ஒளி நிஜம்தான், ஆனால் அது வெறும் ரத்தத்தில் வராது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் குலுக்கி ஹார்மோனை இழுத்து, அதில் கந்தக அமிலமும் ஆல்கஹாலும் கலந்த பிறகுதான் வரும், அதையும் கருவியில்தான் அளக்க வேண்டும். மாட்டிங்லி என்ற ஆய்வாளர் 1962-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் பெத்தாலஜி இதழில் எழுதிய முறை இது, தேடிப் பார்க்கலாம். இப்போது லேப்களில் பெரும்பாலும் இம்யூனோஅஸே, அதாவது ஆன்டிபாடியை வைத்து அளக்கும் முறை.

எனக்குப் பயம் என்னவென்றால், டார்ச்சை நம்பி, கார்டிசால் அதிகம் என்று நினைத்து, யாராவது ரொம்ப நாளாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடுவார்களோ என்றுதான். அது உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், அந்த ஃபார்வர்டை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.